இறகும் எழுத்தும் பதிந்த கல்

மண்பானை வாங்கப் போகும் பாட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? பானையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கை விரலால் சுண்டுவார். ‘டங்’ என்று மணிபோல் ஒலித்தால் பானை வீட்டுக்கு வரும். ‘டொப்’ என்றால் அங்கேயே இறக்கி வைத்துவிடுவார். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது கண்டுபிடித்துவிடுகிறது.

இதே வித்தையைக் கல்லில் செய்பவர்கள் இருக்கும் ஊர் ஒன்று ஜெர்மனியில் உண்டு. கல்லுடைக்கும் தொழிலாளி ஒரு பலகைக் கல்லைச் சுத்தியலால் தட்டுவார், கேட்பார். கணீரென்று ஒலித்தால் நல்ல கல். மந்தமாக ஒலித்தால் உள்ளே எங்கோ கீறல் இருக்கிறது. அந்த ஊரின் பெயர் சோல்ன்ஹோஃபென். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஆனால் உலகில் எங்கே போய் ஒரு நிலவியல் ஆசிரியரிடம் இந்தப் பெயரைச் சொன்னாலும் அவர் முகம் மலரும். அச்சுக்கலை ஓவியரிடம் சொன்னாலும் அப்படித்தான். இத்தனை சிறிய ஊருக்கு இரண்டு வேறு வேறு உலகங்களில் எப்படிப் புகழ் வந்தது? இரண்டுக்கும் காரணம் ஒரே கல்தான். அதைத்தான் இன்று உடைத்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். ஜெர்மனியின் தென்பகுதியில் பவேரியா என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே ஆல்ட்மூல் என்றொரு ஆறு, அவசரமே இல்லாமல் வளைந்து வளைந்து ஓடுகிறது. கோடையில் சிறுவர்கள் துடுப்புப் படகில் போகும் அளவுக்குச் சாதுவான ஆறு. கெல்ஹைம் என்ற ஊரில் அது டான்யூப் ஆற்றோடு கலக்கிறது. டான்யூப் கிழக்கே கருங்கடல் வரை போகிறது. ஆல்ட்மூல் வெட்டிய பள்ளத்தாக்கில், ஆற்றையும் ரயில் பாதையையும் ஒட்டி சோல்ன்ஹோஃபென் உட்கார்ந்திருக்கிறது. மேட்டுக்கு ஏறினால் வெளிறிய மஞ்சளும் வெள்ளையுமாகக் கல்குவாரிகள். அவற்றைச் சுற்றிலும், உடைத்துத் தள்ளிய சில்லுகள் மலைபோல் குவிந்து கிடக்கும்.

ஊருக்குப் பக்கத்தில் பள்ளத்தாக்குச் சரிவில் பாறைத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ‘பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்’ என்று அவற்றுக்குப் பெயர். இயேசுவின் பன்னிரண்டு சீடர்கள் நிற்பதுபோல் தோன்றியதாம். அந்தப் பாறைகள் உண்மையில் யார் கட்டியவை தெரியுமா? கடற்பஞ்சுகளும் நுண்ணுயிர்களும்! கடலடியில் அவை கட்டிய மேடுகள்தான் இன்று மலைச் சரிவில் நிற்கின்றன. கடல் இன்று அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்னே போவோம். டைனோசர்கள் நடமாடிய ஜுராசிக் காலத்தின் கடைசிப் பகுதி. இன்றைய தென்ஜெர்மனி அப்போது வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடல். அங்கங்கே சிறு தீவுகள். கடற்பஞ்சு மேடுகளும் பவளப்பாறைகளும் கடலைத் தடுப்புச் சுவர்போல் பிரித்ததால், நடுவே அமைதியான காயல்கள் உருவாயின. வெளிக்கடலின் தண்ணீர் அவற்றுக்குள் தாராளமாக வந்து போக முடியவில்லை. வெயிலோ கடுமை. தண்ணீர் ஆவியாக ஆவியாக, மிஞ்சிய தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போனது. உப்பளத்தில் நடப்பதுபோலத்தான்.

உப்புத் தண்ணீர் கனமானது. வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி அளவு சாதாரணத் தண்ணீர் எடுங்கள். இன்னொன்றில் உப்பை நிறையக் கரைத்து, கொஞ்சம் மஞ்சள்தூளும் சேர்த்துக் கலக்குங்கள். அந்த மஞ்சள் தண்ணீரை முதல் டம்ளரின் ஓரமாக, ஒரு கரண்டியின் முதுகில் மெல்ல மெல்ல ஊற்றுங்கள். அது அடியில் போய்த் தனியாகத் தங்கும். காயலிலும் இப்படித்தான் மிகை உப்புத் தண்ணீர் அடியில் தேங்கியது. மேலிருந்து ஆக்சிஜன் அங்கே போய்ச் சேரவில்லை. அடித்தரையில் எந்தப் பிராணியும் நிரந்தரமாக வாழ முடியவில்லை. சேற்றைக் கிளறும் புழு இல்லை. செத்ததைத் தின்னும் நண்டு இல்லை. இந்த அமைதிதான் நம் கதையின் உயிர்நாடி. இதை மறந்துவிடாதீர்கள்.

புயல் அடிக்கும்போது சுற்றியிருந்த மேடுகளிலிருந்து சுண்ணாம்புச் சேறு கலங்கி வந்து காயலில் படிந்தது. அது மாவைவிட மிருதுவான சேறு. ரவையை ஊறவைத்துத் தரையில் தேய்த்தால் சொரசொரப்பாக இருக்கும். பச்சரிசியை நைசாக அரைத்து மாக்கோலம் போட்டால் இழை எவ்வளவு மெல்லியதாக வருகிறது! அந்த மாக்கோல மாவு போன்ற சேறு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது படியும், இறுகும். பிறகு வேறு வகைச் சேறு படியும், மறுபடி சுண்ணாம்பு படியும். அடுக்கு மேல் அடுக்காக, தட்டையாக, குலையாமல் சேர்ந்துகொண்டே போனது. கிளற யாருமில்லாததால் அடுக்குகள் புத்தகத் தாள்போல் அப்படியே நின்றுவிட்டன.

குவாரித் தொழிலாளிகள் இந்த அடுக்குகளுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். தூய சுண்ணாம்பாலான கெட்டி அடுக்கு ‘ஃப்ளின்ஸ்’. களிமண் கலந்து, கையால் நொறுக்கக்கூடிய மெல்லிய அடுக்கு ‘ஃபோய்லெ’. அந்தச் சொல்லுக்கு ‘அழுகல்’ என்று பொருள். ஃபோய்லெ இருக்கும் இடத்தில் கல் எளிதாகப் பிரியும். இரண்டு சப்பாத்திகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் மாவு தூவுவார்களே, அந்த மாவின் வேலையைத்தான் அழுகல் அடுக்கு செய்கிறது.

காயலில் வந்து விழுந்தவை என்னென்ன? மீன்கள், இறால்கள், ஆமைகள், தீவுகளிலிருந்து காற்றில் அடித்து வரப்பட்ட தட்டான்கள், பறக்கும் ஊர்வனவான டெரோசார்கள். எலும்பே இல்லாத ஜெல்லி மீன்கூடத் தன் வட்ட அச்சை விட்டுப் போயிருக்கிறது. தட்டானின் இறக்கையில் நரம்பு நரம்பாக எண்ணலாம். இந்த வட்டாரக் கல்லில் இதுவரை 600க்கும் மேற்பட்ட உயிரின வகைகள் கிடைத்திருக்கின்றன.

அவற்றில் என் மனத்தை விட்டு அகலாதது ஒரு குதிரைலாட நண்டு. சோல்ன்ஹோஃபெனிலிருந்து சற்றுத் தள்ளி, ஐஷ்டெட் ஊருக்கு அருகே கிடைத்தது. அந்த நண்டு காயலின் அடியில் விழுந்தது, எழுந்தது, நடக்கத் தொடங்கியது. கால்தடங்களும், வால் இழுபட்ட கோடும் ஏறத்தாழ 10 மீட்டர் நீளத்துக்குச் சேற்றில் பதிந்திருக்கின்றன. கோடு முடியும் இடத்தில் நண்டே கிடக்கிறது. மூச்சுவிட ஆக்சிஜன் இல்லாத தரையில் அது நடந்த கடைசி நடை அது. 15 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு நாம் அதன் ஒவ்வோர் அடியையும் எண்ணிப் பார்க்க முடிகிறது.

சரி, மனிதர்கள் எப்போது வந்தார்கள்? ரோமானியர்கள் இந்தப் பகுதியை ஆண்டபோதே இந்தக் கல்லைக் குளியல் கூடங்களில் பதித்தார்கள். பிறகு 8ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த சோலா என்ற துறவி இந்தப் பள்ளத்தாக்கில் குடியிருந்தார். அவர் 794இல் இறந்தார். சோலாவின் பண்ணை என்பதுதான் சோல்ன்ஹோஃபென் ஆயிற்று. அவர் நினைவாக எழுந்த பழைய தேவாலயத்தின் தூண்களும் சுவர்களும் இன்றும் ஊர் நடுவில் நிற்கின்றன.

சோலா இறப்பதற்கு ஓராண்டு முன்பு, 793இல், பக்கத்திலேயே ஒரு பெரிய முயற்சி நடந்தது. சார்லமேன் மன்னர் ஆல்ட்மூல் ஆற்றை வடக்கே ஓடும் இன்னொரு ஆற்றோடு கால்வாய் வெட்டி இணைக்க ஆட்களைத் திரட்டினார். முடிந்திருந்தால் வட கடலிலிருந்து கருங்கடல் வரை படகில் போயிருக்கலாம். மழை விடவில்லை. பகலில் வெட்டிய மண் இரவில் சரிந்து மீண்டும் பள்ளத்தை நிரப்பியது என்று அக்கால அரசக் குறிப்பு சொல்கிறது. அந்தப் பள்ளத்தின் ஒரு பகுதியை இன்றும் பார்க்கலாம். அவர் நினைத்த இணைப்பு 1992இல்தான், வேறு பாதையில், மைன்–டான்யூப் கால்வாயாக நிறைவேறியது.

பழைய நாட்களில் ஊர்மக்களுக்குக் கல் என்றால் கூரை. மெல்லிய பலகைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்காகப் பரப்புவார்கள். ஆணி இல்லை, சாந்து இல்லை. கல் தன் எடையாலேயே நிற்கும். அதனால்தான் அந்தப் பகுதியின் பழைய வீடுகளுக்குக் கூரைச் சரிவு மிகக் குறைவு. சரிவைக் கூட்டினால் கல் வழுக்கி இறங்கிவிடும். அத்தனை எடையைத் தாங்கச் சுவரும் தடியாக இருக்க வேண்டும். வீட்டின் உருவத்தையே கல் தீர்மானித்தது.

பிறகு வந்தார் அலோயிஸ் செனஃபெல்டர். பிராக் நகரில் 1771இல் பிறந்தவர், நடிகரின் மகன். நாடகம் எழுதினார். அச்சிடக் காசில்லை. மலிவாக அச்சிட ஏதாவது வழி உண்டா என்று மியூனிக் நகரில் தானே சோதனைகள் செய்துகொண்டிருந்தார். அச்சு எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி எழுத வேண்டும் அல்லவா? அதற்குப் பழகிக்கொள்ள வழவழப்பான சுண்ணாம்புப் பலகைக் கல் வைத்திருந்தார். 1796இல் ஒருநாள் சலவைக்குப் போடும் துணிகளைக் குறித்து வைக்கச் சொன்னார் அம்மா. பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் இல்லை. மெழுகும் சோப்பும் புகைக்கரியும் சேர்த்துத் தான் தயாரித்து வைத்திருந்த மையால் அந்தக் கல்லிலேயே எழுதினார். பிறகு, இதன்மேல் அமிலம் ஊற்றினால் என்ன ஆகும் என்ற ஆர்வம் வந்தது. ஊற்றினார். மெழுகு மை இருந்த இடம் தப்பித்தது, மற்ற இடம் சற்றுக் கரைந்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. மேலும் இரண்டு ஆண்டுகள் உழைத்து, கல்லைக் கரைக்காமலேயே அச்சிடும் வழியைக் கண்டார். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ரசத்தின் மேல் நெய் மிதக்கிறதே! அந்த ஒரே உண்மையை வைத்து அவர் ஓர் அச்சுக்கலையையே உருவாக்கினார்.

கல்லில் கொழுப்புள்ள மைக்கட்டியால் படம் வரையவேண்டும். வேலம்பிசின் கரைசலோடு மிகச் சிறிது அமிலம் சேர்த்துக் கல் முழுவதும் பூசவேண்டும். அதனால் படம் இல்லாத இடங்கள் தண்ணீரைப் பிடித்துவைக்கும் தன்மை பெறும். பிறகு கல்லை ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் மை தோய்ந்த உருளையை அதன்மேல் ஓட்டவேண்டும். ஈரமான இடம் மையை விரட்டும். கொழுப்பு இருக்கும் இடம் மையை வாங்கிக்கொள்ளும். மேலே தாளை வைத்து அழுத்தினால் படம் தாளுக்கு வந்துவிடும். கல்லில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தமிழில் இதற்குக் கல்லச்சு என்று பெயர்.

மெழுகு கிரேயானால் வெள்ளைத் தாளில் ஒரு பூ வரைந்து, அதன்மேல் நீர்வண்ணம் பூசிப் பாருங்கள். மெழுகுக் கோட்டில் மட்டும் வண்ணம் ஏறாமல் ஒதுங்கும். கல்லச்சின் பாதி ரகசியம் உங்கள் கையிலேயே இருக்கிறது.

சரி, வேறு கல் உதவாதா? கரடுமுரடான கல்லில் மெல்லிய கோடு உடைந்துவிடும். மிகவும் வழவழப்பான கல் தண்ணீரை உறிஞ்சாது. மாக்கோல மாவுபோல் மிருதுவாகவும், எல்லா இடத்திலும் ஒரே சீராகவும், ஓரளவு ஈரம் குடிப்பதாகவும் இருக்க வேண்டும். சோல்ன்ஹோஃபென் கல்லில் இந்த மூன்றும் சேர்ந்திருந்தன. தட்டான் இறக்கையின் நரம்பைப் பதித்து வைத்த அதே நுண்மைதான் ஓவியரின் கோட்டையும் பதித்து வைத்தது. யாரும் கிளறாத அந்த உப்புக் காயலுக்கு ஓவியர்களும் கடன்பட்டவர்கள்தான்!

கல்லுக்கு வந்த கிராக்கியைக் கேளுங்கள். பவேரிய அரசு நாட்டிலுள்ள ஒவ்வொரு வயலையும் அளந்து வரி விதிக்க நினைத்தது. அந்த வரைபடங்களை அச்சிட இந்தக் கல்லைத்தான் தேர்ந்தெடுத்தது. 1809இல் செனஃபெல்டருக்கே அந்த அளவைத் துறையில் பதவி கொடுத்தது. வரைபடம் பொறித்த 26,000க்கும் அதிகமான கற்கள் மியூனிக்கில் இன்றும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கல்லாலான நூலகம் அது! 1870இல் சோல்ன்ஹோஃபென் வழியாக ரயில் பாதை வந்ததும், கனமான கற்களை வெளியூருக்கு அனுப்புவது எளிதாயிற்று. சுவரொட்டிகள், இசைக் குறிப்புகள், ஓவியங்கள் எனப் பல நாட்டு அச்சகங்களிலும் பவேரியக் கல் நுழைந்தது.

இந்தக் கலை நம் நாட்டுக்கும் வந்தது. ஓவியர் ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் வண்ணக் கல்லச்சுக்கூடம் தொடங்கினார். எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன, வல்லுநர்களும் அங்கிருந்தே வந்தார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். ஒன்றின்மேல் ஒன்றாக அச்சிட்டு முழுப் படத்தை உருவாக்குவார்கள். பழைய வீடுகளின் பூஜை அறையில் மங்கிப்போன ரவிவர்மா லட்சுமி படத்தைப் பார்த்தால், அருகே போய்க் கூர்ந்து பாருங்கள். நிறங்கள் நுண்புள்ளிகளாகத் தெரிய வாய்ப்புண்டு.

இப்போது இன்னொரு உலகத்துக்கு வருவோம். அச்சுக் கல்லில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் படம் கெட்டுவிடும். ஆகவே குவாரியில் ஒவ்வொரு பலகையையும் மனிதக் கை பிரித்தது, மனிதக் கண் பார்த்தது. வெடி வைத்துத் தூளாக்கி எந்திரத்தில் கொட்டியிருந்தால் உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. புதைபடிவங்கள் இங்கே ஏராளமாகக் கிடைத்ததற்குக் காயல் பாதிக் காரணம் என்றால், தொழிலாளிகளின் பொறுமை மறுபாதி. புத்தகங்கள் பெரும்பாலும் காயலைத்தான் பேசுகின்றன. தொழிலாளிகளுக்கும் அந்தப் பெருமையில் சரிபாதி உண்டு என்பேன்.

1861இல் ஒரு செய்தி வந்தது. சோல்ன்ஹோஃபெனின் ஊர்ப்பொதுக் குவாரியிலிருந்து பிரிந்த ஒரு பலகையில் ஓர் இறகு! ஹெர்மன் ஃபான் மேயர் என்ற அறிஞர் அதை ஆராய்ந்தார். டைனோசர் காலத்துக் கல்லில் பறவை இறகா? அவர் வைத்த பெயர் ஆர்க்கியோப்டெரிக்ஸ் லித்தோகிராஃபிகா. முதல் சொல்லுக்குப் ‘பழைய சிறகு’ என்று பொருள். இரண்டாவது சொல் கல்லச்சைக் குறிக்கிறது. அச்சுத் தொழிலின் பெயரைச் சுமக்கும் பிராணி அது.

அதே ஆண்டு பக்கத்து ஊரான லாங்கனால்ட்ஹைமில் எலும்புக்கூடே கிடைத்தது. அது போய்ச் சேர்ந்தது பாப்பன்ஹைம் ஊர் மருத்துவர் கார்ல் ஹேபர்லைனிடம். வைத்தியச் செலவுக்குப் பணமில்லாத தொழிலாளிகள் அவருக்குப் புதைபடிவங்களைக் கொடுப்பார்கள். தான் சேர்த்த பல புதைபடிவங்களோடு இதையும் அவர் 700 பவுண்டுக்கு லண்டன் அருங்காட்சியகத்துக்கு விற்றார். பின்னாளில் ஐஷ்டெட் அருகே இன்னும் அழகான எலும்புக்கூடு கிடைத்தது. தொழிலதிபர் வெர்னர் ஃபான் சீமென்ஸ் 20,000 மார்க் கொடுத்து வாங்கியதால் அது பெர்லினில் தங்கியது.

காகம் அளவிலான அந்தப் பிராணிக்குப் பறவை போல் இறகுகள். ஆனால் வாயில் பல், சிறகில் நகமுள்ள மூன்று விரல், பல்லிபோல் நீண்ட எலும்பு வால். டார்வின் தன் பரிணாமக் கொள்கையை வெளியிட்டது 1859இல். ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் நடுவே இப்படி ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று பேச்சு எழுந்த அந்த நேரத்திலேயே சோல்ன்ஹோஃபென் கல் அதை எடுத்து நீட்டியது. இறகு மட்டும் பதியாமல் போயிருந்தால் இது வெறும் சின்ன டைனோசர் என்றுதான் நினைத்திருப்பார்கள். அப்படி நடக்கவும் செய்தது. ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓர் ஆர்க்கியோப்டெரிக்ஸை முதலில் குட்டி டைனோசர் வகையாகவே எண்ணினார்கள். 1988இல்தான் அதன் உண்மையான பெயர் தெரிந்தது.

காலம் மாறியது. கனமான கல்லுக்குப் பதில் உலோகத் தகடு வந்தது. ஆஃப்செட் அச்சு பிறந்தது. அதிலும் எண்ணெய்–தண்ணீர் ஒட்டாத அதே தத்துவம்தான். சோல்ன்ஹோஃபெனில் இன்று கல் பெரும்பாலும் தரைக்கும் சுவருக்கும் போகிறது. ஊரில் சிமென்ட் ஆலையும் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்துக் கடும் சூட்டில் சுட்டு அரைத்தால் சிமென்ட் அல்லவா? அச்சுக்கு ஏற்ற கல்லும் ஓவியர்களுக்காகக் கொஞ்சம் எடுக்கப்படுகிறது. குவாரிக் கல்லில் பெரும்பகுதி எதற்கும் உதவாமல் குவியலுக்குத்தான் போகிறது.

சுற்றுலாவும் வருமானம் தருகிறது. விருந்தினர்களுக்கென்றே ஒரு குவாரியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். சுத்தியலும் உளியும் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் வயதுப் பிள்ளைகள் வெள்ளைத் தூசி படிந்த கையோடு அடுக்கடுக்காகக் கல்லைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர், “செடி! செடி கிடைத்துவிட்டது!” என்று கத்துவது வழக்கம். பார்த்தால் பாசிபோல், பெரணிபோல், கிளை கிளையாக அழகான கறுப்பு உருவம் இருக்கும்.

அது செடி இல்லை. கல் இடுக்கில் கசிந்த தண்ணீரிலிருந்து மாங்கனீசும் இரும்பும் படிந்து வரைந்த கோலம். அதற்கு உயிரும் இருந்ததில்லை, வேரும் இருந்ததில்லை. உண்மைச் செடியா, தாதுக் கோலமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கிளைகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பாருங்கள். கல்லின் ஓரத்திலிருந்தோ ஒரு விரிசலிலிருந்தோ கிளம்பி உள்நோக்கிப் பரவியிருந்தால், அது தண்ணீர் நுழைந்த வழி. அப்படி இல்லாமல், கல்லின் நடுவே தனியாக, ஒரு நடுத்தண்டும் அதன் இருபக்கமும் நெருங்கிய மெல்லிய இழைகளுமாக ஏதாவது தெரிந்தால், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அருங்காட்சியகத்தாரைக் கூப்பிடுங்கள். அது இறகாக இருக்கலாம்.